இந்தப் பாதை முன்பு என்னவாக இருந்தது?

மோட்டார் வண்டி நுழைய முடியாத சைக்கிள் பாதைகளுக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பஞ்சமில்லை. வரைபடத்தில் அவை எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் ஓடுகின்றன. மிதித்துப் பார்த்தால் ஒன்று வழவழப்பான தார்த்தடம், இன்னொன்று மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு. ஒன்று முப்பது மைல் தடையின்றிப் போகும், இன்னொன்று மூன்றாவது மைலிலேயே யாரோ ஒருவரின் தோட்டத்து மதிலில் முட்டி நிற்கும். வரைபடத்தின் கோடு இந்த வேறுபாட்டைக் காட்டாது. சுற்றுலாத் துண்டறிக்கையிடம் அதை எதிர்பார்க்கவே வேண்டாம். புறப்படும் முன் அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி உதவும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இந்தப் பாதை முன்பு என்னவாக இருந்தது? இங்கிலாந்தில் சைக்கிளுக்கென்றே நாட்டுப்புறத்தில் போடப்பட்ட பாதை மிகக் குறைவு. நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி ரயில் கைவிட்ட தடம், குதிரை படகிழுத்த கால்வாய்க் கரை, குடிநீர்த் தேக்கத்தைச் சுற்றி வரும் வழி, ஆடுமாடுகளும் குதிரைகளும் நடந்த பழம்பாதை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுதான். பாதையின் ஏற்றம், தரை, நீளம், அது எங்கே அறுபடும், எப்போது கூட்டம் சேரும் என்பதெல்லாம் அதன் பழைய தொழிலோடு ஒட்டியே வந்திருக்கின்றன.

ரயில் தடத்திலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் சுமையோடு போகும் பயணிக்கு அதைப்போல இணக்கமானது வேறில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடி மிகக் குறைவு. அதனால் விக்டோரியா காலப் பொறியாளர்கள் குன்று வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், இரண்டுக்கும் அடங்காவிட்டால் சுரங்கம் குடைந்தார்கள் அல்லது உயரப் பாலம் கட்டினார்கள். பெரும்பாலான தடங்களில் 50 மீட்டர் போனால் 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்காது. டெர்பிஷரின் டிசிங்டன் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1899-இல் திறந்த ரயில் பாதை அது. ரயில் நின்றபின் 1971-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நாட்டில் இப்படி மாற்றப்பட்ட முதல் சில தடங்களில் ஒன்று. ஆஷ்பர்ன் ஊரிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர் தூரத்தில் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். ஆனால் கால்களுக்கு அது ஏற்றமாகவே தெரியாது, ஏன் இன்று வேகம் வரவில்லை என்ற சந்தேகம் மட்டுமே இருக்கும். அதே இரண்டு ஊர்களுக்கு இடையே சாலையில் போனால் கதை வேறு. அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கி மூச்சை வாங்கிவிடும். இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ரயில் தடத்தில் எந்த முனை தாழ்வானது என்று பார்த்து, அங்கிருந்து காலையில் கிளம்புங்கள். களைத்துத் திரும்பும் மாலையில் தடம் தானாகவே உங்களைக் கீழே கொண்டுவரும்.

இவ்வளவு நல்ல தடங்கள் ஏன் துண்டு துண்டாகக் கிடக்கின்றன என்பதற்கும் விடை அதே வரலாற்றில்தான். 1963-இல் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை பிரிட்டனின் ரயில் பாதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்னது. அதற்கு முன்பே பல கிளைத்தடங்கள் மூடப்பட்டிருந்தன. மூடிய தடத்தை ஒரே நீளமாகப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. பக்கத்து வயல்காரர் தன் பங்குக்கு ஒரு துண்டை வாங்கினார், நிலையக் கட்டடம் வீடானது, நகரத்துக்குள் இருந்த பகுதியில் கடைகளும் வண்டி நிறுத்தங்களும் எழுந்தன, பராமரிப்புச் செலவுக்குப் பயந்து பாலங்களைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஆகவே தடம் எங்கே உடையும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஊர் எல்லையில் உடையும், ஆற்றைக் கடக்கும் இடத்தில் உடையும், முதன்மைச் சாலையைத் தாண்டும் இடத்தில் உடையும். டிசிங்டன் தடத்திலேயே ஆஷ்பர்னை விட்டுச் சற்றுத் தூரம் போனதும், பாலம் இல்லாத ஓரிடத்தில் பாதை சட்டென்று ஓடைக்கு இறங்கி மறுபுறம் செங்குத்தாக ஏறுகிறது. அதே மாவட்டத்தின் மான்சல் தடம் எட்டரை மைல்தான். அதன் மேற்கு முனையில் பழைய வழித்தடத்தின் தொடர்ச்சியில் கல்குவாரிச் சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுவதால் சைக்கிள் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் 25,000-க்கு 1 அளவு வரைபடத்தில் பழைய ரயில் தடத்தை அதன் மண்மேடும் வெட்டுப்பள்ளமுமாகத் தனியே குறித்திருப்பார்கள். சைக்கிள் வழி அதை விட்டு விலகும் இடங்களைப் பயணத்துக்கு முந்தைய இரவு பென்சிலால் வட்டமிடுங்கள். அன்றைய நாளின் சிக்கல்கள் எல்லாம் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

ரயில் தடம் என்றாலே சமதளம் என்று நம்பிவிடவும் கூடாது. எந்த வகை ரயில் என்ற இரண்டாம் கேள்வியும் உண்டு. பார்ஸ்லி ஹேயில் டிசிங்டன் தடத்தோடு சேரும் ஹை பீக் தடம் 17 மைல் நீளம். அதன் மூலமான குரோம்ஃபர்டு – ஹை பீக் ரயில் பாதை 1831-இல் முழுதாகத் திறந்தபோது தண்டவாளத்தில் ஓடும் நீராவி எஞ்சின் இன்னும் கைக்குழந்தை. அதனால் மலைச்சரிவுகளில் பெட்டிகளை நிலையான எஞ்சின் வைத்துக் கயிற்றால் இழுத்தார்கள். கயிறு இழுக்கும்போது சக்கரத்தின் பிடியைப் பற்றி யாருக்குக் கவலை? மிடில்டன் சரிவில் 8 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஏற்றம். மேட்டுநிலத்தில் மைல்கணக்கில் சமமாக ஓடும் தடம், குரோம்ஃபர்டை நெருங்கும்போது திடீரென்று கீழே கவிழ்கிறது. பிரேக் தேய்ந்த வாடகை சைக்கிளில் அங்கே இறங்குவது புத்தியல்ல, இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமும் இல்லை. யார்க்ஷரில் ஸ்கார்பரோவுக்கும் விட்பிக்கும் இடையே 21 மைல் ஓடும் சிண்டர் டிராக் இன்னொரு வகை. 1885-இல் சிக்கனமாகக் கட்டிய கடலோரத் தடம் அது. ஜல்லிக்குப் பதில் நிலக்கரிச் சாம்பல் கட்டிகளைப் பரப்பியதால் அந்தப் பெயர். ரேவன்ஸ்கார் உச்சிக்கு 40 மீட்டருக்கு 1 என்ற அளவில் ஏறுகிறது. எண்ணாகக் கேட்டால் சிறியது. மென்மையான தரையில், கடற்காற்றை எதிர்த்து, மூட்டையோடு ஏறும்போது சிறியதல்ல. கட்டியவர்கள் பணக்காரர்களா, நெருக்கடியில் இருந்தவர்களா என்பதுகூட நம் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

சுரங்கங்களைப் பற்றி ஒரு சொல். மான்சல் தடத்தின் சுரங்கங்கள் நெடுங்காலம் மூடிக் கிடந்து 2011-இல் திறந்தன. பாத் நகரத்தின் இரட்டைச் சுரங்கப் பாதை 2013-இல் வந்தது. அதில் கூம் டவுன் சுரங்கம் 1,672 மீட்டர் நீளம். இவற்றில் விளக்கு உண்டு, ஆனால் இரவு முழுதும் எரியாது. நார்த்தாம்ப்டனுக்கும் மார்க்கெட் ஹார்பரோவுக்கும் இடையே உள்ள பிராம்ப்டன் பள்ளத்தாக்குப் பாதையின் இரண்டு சுரங்கங்களில் விளக்கே இல்லை. ஆகவே ஜூன் மாதத்து நண்பகல் பயணமானாலும் முன்விளக்கு கையில் இருக்க வேண்டும். உள்ளே எந்தப் பருவத்திலும் குளிரும். வியர்த்த சட்டையோடு நுழைவதற்கு முன் ஒரு மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்வாய்க் கரையின் குணம் வேறு. நீர் ஏறாது, ஆகவே கால்வாயும் ஏறாது. ஏற வேண்டிய இடத்தில் லாக் என்ற இரட்டைக் கதவு மடையில் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பித் தூக்குவார்கள். ரயில் தடத்தில் உயரம் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடக்கிறது என்றால், இங்கே அது படிகளாகக் குவிந்திருக்கிறது. 1810-இல் முழுமை பெற்ற கென்னட் – ஏவன் கால்வாய் வழி ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல். பாத் நகரின் மேல் மடையிலிருந்து பிராட்ஃபர்டு ஆன் ஏவன் வரை ஒன்பது மைலுக்கு ஒரு மடைகூட இல்லாமல் நீர் ஒரே மட்டத்தில் கிடக்கிறது. சைக்கிளே ஓட்டிப் பழகாத உறவினரையும் அங்கே தைரியமாக அழைத்துப் போகலாம். அதே கால்வாய் டிவைசஸ் ஊரருகே கேன் ஹில்லில் இரண்டு மைலுக்குள் 29 மடைகளால் 70 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஆனால் கரைப்பாதையின் உண்மையான கட்டுப்பாடு அதன் அகலம். ஒரு குதிரை நடக்கவும் கயிறு உரசாமல் போகவும் எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவுதான் விட்டார்கள். அந்த இடத்தில் இன்று நடப்பவர், நாய், மீன் பிடிப்பவர், படகுக்காரர் விறகு அடுக்கிய மூட்டை எல்லாம் பங்கு கேட்கின்றன. பாலங்களின் அடியில் பாதை குறுகி, வளைந்து, எதிரே வருபவர் தெரியாமல் போகும். மணியடித்து, நடைவேகத்துக்கு இறங்கி, நடப்பவருக்கு வழிவிட்டே கடக்க வேண்டும். கரையில் ஒரு நாளில் 25 மைலுக்கு மேல் திட்டமிடுவது அந்தப் பாதையைப் புரிந்துகொள்ளாத திட்டம். நகரத்தை விட்டு விலகும்போது தரையும் மோசமாகும். டிவைசஸுக்குக் கிழக்கே தேசிய சைக்கிள் வழித்தொகுப்பின் 4-ஆம் எண் வழிகூடப் பெரும்பாலும் கரையை விட்டுச் சிறு சாலைகளுக்குப் போய்விடுகிறது. பிடிவாதமாகக் கரையிலேயே போகிறவருக்குப் புல்லும் வேரும் சேறும்தான் துணை.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிய வழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். ரட்லண்ட் வாட்டரைச் சுற்றி, தீபகற்பத்தையும் சேர்த்தால் 23 மைல்; வடக்கே கீல்டர் ஏரியைச் சுற்றி 26 மைல். இரண்டும் அழகானவை, இரண்டும் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து விடுபவை. ஒரு நாளைக்குச் சரி, பயணத்துக்கு உதவாது. மூழ்கிய பள்ளத்தாக்கின் சரிவைக் கரை பின்பற்றுவதால் 'ஏரிக்கரைதானே, சமமாக இருக்கும்' என்ற எண்ணமும் தவறு.

பிரைடில்வே என்ற குதிரைப்பாதையில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருபவர் சட்டத்தில் தடுமாறும் இடம் இது. இங்கிலாந்தில் வயல்களின் குறுக்கே போகும் பொதுவழிகள் ஆயிரக்கணக்கான மைல் உண்டு. எல்லாவற்றிலும் சைக்கிளுக்கு உரிமை இல்லை. மஞ்சள் அம்புக்குறி நடப்பவருக்கு மட்டும். நீல அம்புக்குறி குதிரைப்பாதை. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அதில் சைக்கிளுக்கும் அனுமதி தந்தது, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கத்தரிப்பூ நிற அம்பு இருந்தால் மோட்டார் வண்டி தவிர மற்றவை போகலாம். சிவப்பு என்றால் மோட்டார் வண்டியும் வரலாம். ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்கும் ஓட்ட முடியும் என்பதற்கும் வெகுதூரம். சட்டம் அனுமதி கொடுத்ததே தவிர, சைக்கிளுக்கு ஏற்றபடி தரையைச் சீர்படுத்தும் கடமையை யார் மீதும் சுமத்தவில்லை. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் போகும் சவுத் டவுன்ஸ் வழியில் முனைக்கு முனை சைக்கிளில் போகலாம். காரே இல்லை, பார்வைக்குக் கடல். ஆனால் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 4,000 மீட்டர், மழையில் சுண்ணக்கட்டித் தரை சோப்புபோல வழுக்கும், சிதறிக்கிடக்கும் தீக்கல் சில்லுகள் டயரைக் கிழிக்கும். மலையேற்ற சைக்கிள் வைத்திருப்பவருக்கு அது திருவிழா. இரு பக்கமும் பை மாட்டிய பயண சைக்கிள்காரருக்குத் தண்டனை. குதிரைக்கு நான்கு கால்கள் என்பதை மறக்காமல் இந்தப் பாதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே அனுபவசாலிகள் ஒரு மறுப்பை எழுப்புவார்கள், அது வலுவான மறுப்பு. 'இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இங்கிலாந்தின் பெருமையே அதன் சிறு சாலைகள்தான். ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் மஞ்சளாகத் தெரியும் நாலு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள சாலைகளில், மணிக்கணக்கில் ஒரு கார்கூட வராது; ரயில் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை படும் பாட்டைவிட அங்கே நிம்மதி அதிகம்.' பல மாவட்டங்களில் இது உண்மையே. நார்ஃபோக்கின் உட்பகுதியிலும், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷரிலும் நடுவே புல் முளைத்த சாலைகள் உண்டு. புல் முளைத்திருந்தால் வண்டி வருவதில்லை என்று பொருள். ஆனால் அந்தச் சாலைகளில் பலவற்றுக்குத் தனி வேக வரம்பு இல்லாததால் நாட்டின் பொது வரம்பான மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர், சட்டப்படி அங்கும் செல்லும். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உயிர்வேலி. டெவனில் அந்த வேலியும் மண்கரை மேல் ஏறி நிற்கும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று ஓட்டுநருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிரிட்டனின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் நாட்டுப்புறச் சாலைகளில் நிகழ்கின்றன என்பதை மறந்துவிட்டு அமைதியைப் பேச முடியாது. பழகிய கால்களுக்கும் பழகிய காதுகளுக்கும் சிறு சாலை சொர்க்கம். பத்து வயதுக் குழந்தையோடு போகிற குடும்பத்துக்கும், சாலையில் ஓட்டியே பல வருடம் ஆனவருக்கும் அதே பதிலைச் சொல்ல முடியாது. சிறு சாலை பயணத்தின் மூட்டாக இருக்கட்டும், முதுகெலும்பாகப் பழைய ரயில் தடமோ கால்வாய்க் கரையோ இருக்கட்டும் என்பதுதான் இந்த நூலின் நிலை. அறுபட்ட தடங்களை ஐந்தாறு மைல் மஞ்சள் சாலையால் கோத்தால் பயணம் நீளும், ஆபத்து அளவுக்குள் நிற்கும். இந்த இணைப்புச் சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் ஏற்றத்தைக் காட்டும் அம்புமுனைக் குறிகளைக் கவனியுங்கள்: ஒரு முனை இருந்தால் 7-க்கு 1 அல்லது அதைவிடச் செங்குத்து, இரு முனை இருந்தால் 5-க்கு 1-ஐயும் தாண்டியது. இடப்புறம் ஓட்டும் நாடு என்பதால் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர் திசை மாற வேண்டியதில்லை. ஆனால் ஓரத்தில் ஒடுங்கி ஓட்டும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும். அமைதியான சாலையில் வழியின் நடுவில் ஓட்டச் சொல்கிறது பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல், அப்போதுதான் தொலைவிலிருந்தே தெரிவீர்கள்.

இரண்டாவது மறுப்பு: தேசிய சைக்கிள் வழித்தொகுப்பு இருக்கிறதே, நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்தில் எண் போட்டிருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதாதா? போதாது. பிரிஸ்டலில் 1977-இல் சிறு குழுவாகத் தொடங்கி, பிரிஸ்டல் – பாத் ரயில் தடத்தின் 13 மைலை 1979 முதல் 1986 வரை துண்டு துண்டாகப் போட்டு முடித்த சஸ்ட்ரான்ஸ் அமைப்புதான் இந்தத் தொகுப்பின் தாய். 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து நாலு கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்ததும், 2000-ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதையும் எண்களால் இணைக்கும் வேகம் பிறந்தது. காலக்கெடு நெருங்கும்போது எந்தத் திட்டத்திலும் நடப்பதே நடந்தது: தடம் கிடைக்காத இடங்களில் சாலையிலேயே பலகை நட்டார்கள், அவற்றில் சில பரபரப்பான சாலைகள். அந்த அமைப்பே பின்னர் வழிகளைத் தணிக்கை செய்து, 2020-இல் ஏறத்தாழக் காற்பங்கைத் தரம் போதவில்லை என்று தொகுப்பிலிருந்து நீக்கியது அல்லது வகை மாற்றியது. தன் பெயரில் இருந்த மைல்களைத் தானே குறைத்துக்கொள்ளும் நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் நமக்கு அதில் பாடம் ஒன்று இருக்கிறது. எஞ்சிய தொகுப்பிலும் பாதிக்கும் குறைவான பகுதிதான் வண்டியில்லாப் பாதை. எண் என்பது தொடர்ச்சியைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. ஒரே 4-ஆம் எண் கால்வாய்க் கரையாகவும் ஊர்ச் சாலையாகவும் மாறி மாறி வருகிறது. வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பழைய வழிகாட்டி வரைபடம் 2020-க்கு முந்தையதென்றால் அதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி இல்லாவிட்டால் அமைதி கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. கார்ன்வாலின் கேமல் தடத்தில் பேட்ஸ்டோவுக்கும் வேட்பிரிட்ஜுக்கும் இடையே முகத்துவாரத்தை ஒட்டி ஓடும் ஐந்தரை மைல், நாட்டின் மிக அழகிய தடங்களில் ஒன்று; ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். ஆகஸ்டு மாதம் காலை பதினொரு மணிக்கு வாடகை சைக்கிள்களும் குழந்தை இழுவண்டிகளும் நாய்களும் நிறைந்து அது கடைத்தெருவாகிவிடும். ஆனால் இந்தக் கூட்டத்துக்கும் விதி உண்டு. வாடகைக் கடை, கார் நிறுத்தம், தேநீர்க் கடை மூன்றும் சேர்ந்த இடத்திலிருந்து இருபுறமும் நாலைந்து மைல் வரைதான் கூட்டம் பரவும். அதற்கு மேல் வாடகை நேரம் தாங்காது. வேட்பிரிட்ஜைத் தாண்டி வென்ஃபர்டு பிரிட்ஜ் வரை காட்டுக்குள் போகும் மீதித் தடத்தில், அதே நாளில், அதே நேரத்தில், மூச்சுச் சத்தம் கேட்கும். பள்ளி விடுமுறையைத் தவிர்த்து மே மாத நடுவிலோ ஜூனிலோ போனால் தென் இங்கிலாந்தில்கூட பதினைந்து, பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ ஓட்டினால் புகழ்பெற்ற தடமும் உங்களுடையதே. ரயில் வெட்டுப்பள்ளத்துக்குள் ஓட்டினால் மரச்சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது, சலிப்பு என்று சொல்பவர்களும் உண்டு. ஓரளவு நியாயமான குறைதான். மான்சல் தடத்தின் ஹெட்ஸ்டோன் உயரப் பாலம் போன்ற ஓரிடத்தில் பள்ளத்தாக்கு முழுதும் விரியும் வரை பொறுமை தேவை. விக்டோரியா காலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அந்த ரயில் பாதை பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டதென்று கொதித்தார். இன்று அதே பாலத்தைப் படமெடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பழைய தொழில் சைக்கிள் தேர்விலும் தலையிடும். நகரத்தை ஒட்டிய ரயில் தடங்கள் தார். குன்றுப் பகுதிகளில் சுண்ணாம்புக்கல் தூளை இறுக்கிப் போட்டிருப்பார்கள், மழையில் அது வெள்ளைக் குழம்பாகிச் சங்கிலியில் ஒட்டி அரைக்கும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இங்கே வேண்டாம். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், இரு மட்கார்டு, ஒரு நல்ல மணி போதும். உயிர்வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை வெட்டக்கூடாது என்பது பறவைகளுக்கான விதி. அதனால் செப்டம்பர் தொடங்கியதும் விவசாயிகள் இயந்திரத்தோடு இறங்குகிறார்கள், ஹாதார்ன் முள் பாதையெங்கும் சிதறும். இலையுதிர்காலப் பயணத்துக்கு உதிரி டியூப் இரண்டு அவசியம். பாதை முகப்புகளில் மோட்டார் சைக்கிளைத் தடுக்கப் போட்ட குறுகிய கம்பிச் சட்டங்களில் அகலமான பக்கப் பைகள் சிக்கும். மூன்று சக்கர வண்டியும் இருவர் ஓட்டும் சைக்கிளும் சில இடங்களில் நுழையவே முடியாது. குதிரை எதிர்ப்பட்டால் மணியைவிட மனிதக் குரலே நல்லது. பேசிக்கொண்டே மெதுவாக வந்து, குதிரைக்காரர் தலையசைத்த பிறகு அகலமாக விலகிக் கடக்கவும். ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பல தொலைதூர ரயில்களில் முன்பதிவு கட்டாயம். கிளை ரயில்களில் இரண்டு மூன்று சைக்கிளுக்குத்தான் இடம். மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவையும் ஒரு பயணத்தில் பொருத்திப் பார்ப்போம். டெவனில் எக்சிடரிலிருந்து பார்ன்ஸ்டபிளுக்குக் கிளை ரயில் போகிறது. அங்கே நிலையத்தை ஒட்டியே டார்க்கா தடம். பிரான்டனிலிருந்து மீத் வரை சுமார் 30 மைல் நீளும் இந்தத் தடத்தின் முதல் பாதி கழிமுகத்தை ஒட்டிய சமவெளி, காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். முன்பு நிலக்கரிக் கப்பல் நின்ற ஃப்ரெமிங்டன் துறையில் தேநீர். பிடிஃபர்டின் 24 வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு டாரிங்டனில் முதல் இரவு தங்கலாம். மறுநாள் தடம் காட்டுக்குள் மெல்ல ஏறி மீத்தில் முடியும். அங்கே தடத்துக்குப் பதில் ஏ386 என்ற நெடுஞ்சாலை நேராக ஓகாம்ப்டனுக்குப் போகிறது. தூரம் குறைவு என்று அதில் ஏறிவிடாதீர்கள். 27-ஆம் எண் பலகைகள் சிறு சாலைகளால் சுற்றி அழைத்துச் செல்லும். நாளின் கடினமான பகுதி அதுதான், டெவனின் மேடுபள்ளம் தன் முழுக் குணத்தையும் காட்டும், ஆகவே அதற்கு மதியம் முழுவதையும் ஒதுக்குங்கள். மூன்றாம் நாள் ஓகாம்ப்டனிலிருந்து கிரானைட் வழி: டார்ட்மூரின் ஓரத்தில், மெல்டன் உயரப் பாலத்தின் மேல், லிட்ஃபர்டு வரை 11 மைல் போய்த் திரும்புவது. பாதையின் பெரும்பகுதி தார்; ஓரிரு இடங்களில் மட்டும் சாலைக்கு இறக்கும். 2021 நவம்பரிலிருந்து ஓகாம்ப்டனுக்கு மீண்டும் தினசரி ரயில் ஓடுவதால் எக்சிடருக்குத் திரும்பச் சாலை தேவையில்லை. நிலையம் மட்டும் ஊருக்கு மேலே, செங்குத்தான தெருவின் உச்சியில் இருக்கிறது. பொறியாளர்கள் தடத்தைத் தாழ்த்த விரும்பவில்லை, ஊர் ஏறி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊருக்குள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிப்பதாக இருந்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.